பூசை வேட்டியில் கட்டுப் போட்ட கதை

"சாருக்கு நாப்கின் வாங்கிக் குடுத்திருங்க."

தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரி. டிஸ்சார்ஜ் நாள். நர்ஸ் இதைச் சொன்னது என்னிடம்தான்... ஆனால் வார்டு முழுக்கக் கேட்டது. கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த என் அண்ணன் சட்டென்று கண்களை மூடிக்கொண்டான். தூங்குகிறானாம்!

அண்ணனுக்கு மூல ஆபரேஷன். வயது அறுபத்திரண்டு, சர்க்கரையும் உண்டு. முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருந்தவன். ரிட்டயர் ஆனதிலிருந்து மேலகரம் வீட்டில் காலையும் மாலையும் சிவபூசை. ஆபரேஷன் அன்று காலையில்கூடப் பூசையை முடித்துவிட்டுத்தான் காரில் ஏறினான். ஒத்தாசைக்குத் தங்கச்சி நான் சென்னையிலிருந்து போயிருந்தேன். மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவி செண்பகத்துக்கு, ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே கை கால் ஓடாது.

நர்ஸ் செங்கோட்டைப் பக்கம். பொறுமையாக விளக்கினார். இந்தப் புண்ணைத் தைத்து மூடவில்லை, திறந்தே விட்டிருக்கிறார்கள், தானாக ஆறி வர வேண்டும். அதுவரை கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் நீர் என்று கசிந்துகொண்டே இருக்கும். உறிஞ்ச ஏதாவது வைக்க வேண்டும். பஞ்சு வைத்தால் இழை புண்ணில் ஒட்டிக்கொள்ளும், கூடாது. காஸ் துணி வைக்கலாம்... ஆனால் அந்த இடத்தில் பிளாஸ்திரி நிற்குமா? இரண்டு எட்டு நடந்தால் நழுவிவிடும். சுலபமானது நாப்கின்தான். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தினமும் மூன்று தடவை டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி உட்கார வேண்டும். மஞ்சள், பவுடர், எண்ணெய் எதுவும் பக்கத்திலேயே வரக்கூடாது.

"மனசிலாச்சா சார்?" என்று முடித்தார். சார் கண்ணைத் திறக்கவே இல்லை.

மெடிக்கல் ஷாப்பில் நான் கேட்டதும், கடைக்காரர் அந்தப் பாக்கெட்டை நியூஸ் பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு நீட்டினார். நானும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு என்ன வயசு? ஐம்பத்தெட்டு! கூச்சப்பட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது? ஆனாலும் பையின் அடியில், துண்டுக்குக் கீழே திணித்துத்தான் கொண்டுபோனேன். வீட்டில் மைனி அதை வாங்கி, புழக்கடைப் பாத்ரூம் பரணில் வைத்தாள். பெங்களூரில் இருக்கிற மகள் லீவுக்கு வந்தால் அந்தச் சாமான்களுக்கு அதுதான் இடமாம். "இவுகட்ட அங்கன இருக்குன்னு சொல்லிட்டேன்" என்றாள். எப்படிச் சொன்னாள் என்று கேட்டேன். கையை மட்டும் பின்பக்கமாக நீட்டிக் காட்டினாளாம்.

மறுநாளிலிருந்து விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் கடுக்காய்ப் பொடி வைக்கச் சொன்னார். ஒருவர் ஐந்தருவிக் கடையிலிருந்து மூலிகை எண்ணெயே வாங்கி வந்துவிட்டார். எதிர்வீட்டு அண்ணாச்சி ஒருபடி மேலே போய், நாலு நாள் அருவியில் நின்றால் எந்தப் புண்ணும் ஆறிவிடும் என்றார். எல்லோரையும் அண்ணன் சிரித்தே அனுப்பிவைத்தான். எண்ணெய்ப் பாட்டிலைத் தொடவில்லை. அறிவியல் வாத்தியார் அல்லவா... எனக்கும் மைனிக்கும் ஏகத்துக்கும் பெருமை.

டப் தண்ணீரை மைனி வைத்துக்கொடுப்பாள். அவன் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வான். நாங்கள் உள்ளே போய்ப் பார்க்கவா முடியும்? "சரியா மாத்துதியா?" என்று நான் வெளியிலிருந்து கேட்பேன். "மாத்துதேன், மாத்துதேன்" என்று பதில் வரும். என்னத்தை மாற்றுகிறான் என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் குளிர்க்காய்ச்சல். போர்வைக்குள் கிடுகிடுவென்று நடுங்கினான். நல்ல சீசன் நேரம். ஒரு வாரமாக சாரல் விடவே இல்லை. சாரல் காத்து ஒத்துக்கொள்ளவில்லை, வேறொன்றுமில்லை என்றான். மைனி மிளகுக் கஷாயம் வைக்க ஓடினாள். நான் பட்டாசலில், அதாவது கூடத்தில், நின்றுகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

அப்போதுதான் நிமிர்ந்து மேலே பார்த்தேன்.

எங்கள் வீட்டுப் பட்டாசலில் உயரத்தில் ஒரு மூங்கில் கொடி உண்டு. அதில் பூசை வேட்டி மட்டும்தான் காயும். அதைச் சோப்புப் போட்டுத் துவைக்கக்கூடாது, தண்ணீரில் அலசுவதோடு சரி. அண்ணனைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. அவனும் கம்பால் தூக்கித்தான் கொடியில் போடுவான், கம்பால்தான் எடுப்பான். எட்டு முழ வேட்டி அது. அன்றைக்குக் கொடியில் நாலு முழம்தான் தொங்கியது. மீதி நாலு முழம்? ஓரத்தைப் பல்லால் கடித்து, நேராகக் கிழித்த மாதிரி இருந்தது.

கம்பை எடுத்து வேட்டியைத் தாழ்த்தித் தொட்டேன். தொடக்கூடாதுதான்... தொட்டேன். ஈரம். சாரலில் நாள் கணக்காகக் காயாமல், சில்லென்று, பூஞ்சை வாடை அடித்தது. புழக்கடைக்கு ஓடிப் பரணைப் பார்த்தேன். கறுப்பு கவரின் முடிச்சுக்கூட அவிழவில்லை.

அண்ணன் கட்டிலருகே போய், "எதை வச்சிருக்க?" என்றேன்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மெதுவாகச் சொன்னான். "ஏட்டி, அத வச்சிக்கிட்டு நான் எப்படிப் பூசை ரூமுக்குள்ள போவேன்? இது சுத்தமான துணி. ஒருத்தரும் தொடாத துணி."

"ரத்தம் வருதே... அது மட்டும் தீட்டு இல்லையா?"

"இது புண்ணுலேருந்து வருத ரத்தம். அது வேற, இது வேற."

இதைச் சொன்னது யார்? பாக்டீரியா, பூஞ்சை, கிருமிநீக்கம் என்று வருஷா வருஷம் பாடம் எடுத்தவன். எத்தனை பிள்ளைகள் இவன் கரும்பலகையில் போட்ட படத்தைப் பார்த்து வரைந்து மார்க் வாங்கியிருக்கும்! அறிவியலைப் பள்ளிக்கூட வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டுத்தான் தினமும் வீட்டுக்கு வந்தானா? கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். உடனே காரை வரச் சொன்னேன்.

மேலகரத்திலிருந்து தென்காசி எவ்வளவு தூரம்? சும்மா நாளில் பத்து நிமிஷம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அருவிக்கு வந்த வேனும் காரும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. ஈரத் துண்டோடு ஆட்கள் பஜ்ஜி தின்றபடி குறுக்கே நடந்தார்கள். பின் சீட்டில் அண்ணன் குப்புறக் கிடந்தான், தலை மைனி மடியில். உடம்பு கொதிக்குது, கொதிக்குது என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.

அதே நர்ஸ்தான். வேட்டித் துணி புண்ணோடு ஒட்டி இறுகிவிட்டிருந்தது. சலைனை ஊற்றி ஊற்றி ஊறவைத்து, இழை இழையாக எடுத்தார். திரைக்கு இந்தப் பக்கம் நானும் மைனியும் நின்றோம். அண்ணன் அழுது நான் கேட்டதே இல்லை. அப்பா இறந்தபோதுகூட அழாதவன். அன்றைக்குக் கேட்டேன்.

சர்ஜன் ஓர் இளம் பெண். வெளியே வந்து நேராகவே சொன்னார். புண் சீழ் பிடித்துவிட்டது, சுற்றியுள்ள சதைக்கும் பரவ ஆரம்பித்திருக்கிறது, சர்க்கரை வேறு முந்நூறைத் தாண்டி நிற்கிறது. உடனே மறுபடி தியேட்டருக்குள் கொண்டுபோய்ச் சுத்தம் செய்தாக வேண்டும். "இன்னும் ரெண்டு நாள் வீட்ல வச்சிருந்தீங்கன்னா உயிருக்கே உத்தரவாதம் கிடையாது" என்றார்.

ஒரு துணிக்கா? ஒருத்தரும் தொடவில்லை என்கிற ஒரே தகுதிக்காக மனுஷன் சாவானா? கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய பேப்பரில் மைனி படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

பிழைத்துக்கொண்டான். நாலு நாள் டிரிப்ஸ், ஊசி. காய்ச்சல் இறங்கியது. நர்ஸ் இப்போதெல்லாம் அவனிடம் எதையும் கேட்பதில்லை, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினோடு வந்து திரையை இழுத்து விட்டுவிடுவார். அவனும் முனகாமல் திரும்பிப் படுப்பான். எல்லாம் சரியாகிவிட்டது, இனி ஊருக்கு டிக்கெட் போடலாம் என்று நினைத்திருந்தேன்.

நாலாம் நாள் ரவுண்ட்ஸ் வந்த சர்ஜன், இனியாவது புரிந்துகொள்ளட்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஈரம் உலராத துணியில் கிருமி பெருகும், நல்ல வெயில் பட வேண்டும், நிழலில் காய்ந்த துணியைப் புண் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்றார்.

ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்த மைனி தண்ணீர்க் குழாயை மூடினாள். "டாக்டர், வெயில் படாத துணின்னா காய்ச்சல் வருமா?" என்று கேட்டாள்.

வரும் என்றார் சர்ஜன்.

"அடிவயித்து வலியும் வருமா?"

சர்ஜன் அவளைத் திரும்பிப் பார்த்தார். மைனி ஃபிளாஸ்க்கைத் துடைத்தபடியே சொன்னாள். "எனக்கு வரும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து கிழிஞ்ச துணிதான். புழக்கடையில, சேலைக்கு அடியில போட்டுதான் காயவைப்பேன். ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாதுல்லா. சாரல் காலத்துல காயவே காயாது. ஈரத்தோட எடுத்து வைப்பேன். மாசா மாசம் காய்ச்சல் வரும், நாத்தமடிக்கும். நாப்பத்திரண்டு வயசுல கர்ப்பப்பைய எடுத்தாச்சு. அது இதனாலதானா டாக்டர்?"

அதனால்தான் என்று இத்தனை வருஷம் கழித்து உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார் சர்ஜன்.

மைனி தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு பால் வாங்கக் கீழே போய்விட்டாள். அண்ணன் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தான். "என்ட்ட ஒரு வார்த்த சொல்லலியேட்டி" என்றான் என்னிடம். மைனியின் அந்த ஆபரேஷனுக்கு அவன்தான் கையெழுத்துப் போட்டான். நான்தான் ஒரு வாரம் வந்திருந்து சமைத்துப் போட்டேன். ஏன் எடுக்கிறார்கள், எதனால் வந்தது என்று நாங்கள் இருவருமே அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இருபது வருஷமாக இந்தப் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் எழுதி, ஊரில் உள்ளவர்களை எல்லாம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் மைனியைக் கேட்கவில்லை!

உங்கள் வீட்டுப் புழக்கடையில் சேலைக்கு அடியில் என்ன காய்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள். கேட்க வெட்கமாக இருக்கிறதா? எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.