உப்பல் பக்கம் ஒரு நீலப் பொட்டு

மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கணினியில் பார்த்துச் சொல்வது என் வேலை. சாலை, வீடு, ஏரி, மேடுபள்ளம் எல்லாம் தனித்தனி அடுக்குகள், கண்ணாடித்தாள்போல ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். வேண்டாத அடுக்கை மறைத்துவிட்டுப் பார்ப்போம்; எதை மறைத்தோம், எதை விட்டோம் என்று தெரியாமல் விழிப்பவர்கள் இதே வேலை செய்யும் உங்களிலும் இருப்பார்கள்.

மறைத்தும் போகாதது

உப்பல் என்ற புறநகர்ப் பக்கத்து வரைபடத்தில், வீடுகளுக்கு நடுவே ஒரு நீலப் பொட்டு. பழைய ஏரிகளின் அடுக்கை மறைக்க மறந்துவிட்டேன் என்று நினைத்து அந்த அடுக்கை அணைத்தேன். பொட்டு போகவில்லை. சாலையை அணைத்தேன், வீடுகளை அணைத்தேன். வெறும் மண்ணின் மேல் அது அப்படியே இருந்தது. தண்ணீர் அங்கேதான் தேங்கும் என்று மென்பொருளே கணக்குப் போட்டு வரைந்திருக்கிறது.

எங்கள் மேலாளர் ராவ் சார் எட்டிப் பார்த்தார். "டேட்டா தப்பும்மா. பள்ளத்தை நிரப்பிடு, தண்ணி தானா ஓடிடும்."

சுமதி அக்காவின் வீடு

சின்னப் பள்ளங்களை அளவுப் பிழை என்று எடுத்துக்கொண்டு, வரைபடத்தில் ஒரே சொடுக்கில் நிரப்பிவிடுவது எங்கள் வழக்கம். நிரப்பினேன். நீலம் மறைந்தது.

அன்று மதியம் பக்கத்து இருக்கை சுமதி அக்கா, தான் குடிபோகப் போகும் வீட்டை வரைபடத்தில் காட்டச் சொன்னார். தரைத்தளம். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாருக்காகப் பார்த்தது. தெருத்தெருவாக நகர்த்திக்கொண்டே போய், பொட்டு இருந்த இடத்திலேயே அந்த வீட்டைக் கண்டதும் என் கை நின்றுவிட்டது.

அக்கா செகந்திராபாத் ரயில்வே காலனியில் வளர்ந்தவர்; வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் உருதுவில் 'நக்கோ' என்பார். "என்னடி, பேயைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருக்கே? வாஸ்து சரியில்லைன்னு மட்டும் சொல்லாதே, நக்கோ."

லிப்ட் குழி

நேரில் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று, வீட்டைப் பார்க்க நானும் வருகிறேன் என்றேன். நல்ல கோடை. தெருவெல்லாம் புழுதி. சுவரில் புதுப் பெயின்ட் வாசனை. லிப்டுக்கு அடியிலிருந்து மட்டும் தவளைச் சத்தம். வாட்ச்மேன் டார்ச் அடித்துக் காட்டினார். குழியில் கறுப்பாக, அசையாமல் தண்ணீர். எத்தனை முறை இறைத்தாலும் விடிந்தால் இதே அளவுக்கு வந்து நிற்கிறதாம்.

அப்போதுதான் நீலப் பொட்டைப் பற்றி அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் டார்ச்சை வாங்கிக் குழிக்குள் இன்னொரு முறை அடித்துப் பார்த்தார்.

"அத்தையால எழுந்து ஓட முடியாதுடி. வேற வீடு பார்க்கலாம், வா."

அந்தப் பள்ளத்தை இப்போது நான் நிரப்புவதில்லை. ராவ் சார் மறுபடி டேட்டா தப்பு என்றால், காலியாக இருக்கும் அந்தத் தரைத்தளத்தை அவருக்கே பேசி முடித்துவிடலாம் என்றிருக்கிறேன்.