மோனோ பக்கத்தில் ஜோடியை வைக்காதீர்கள்

காளான் லேபில் மைக்ராஸ்கோப் வழியாகக் கிளாம்ப் தெரிந்தால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். நான் ஒரு நாள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

காரைக்குடியில் ஒரு காளான் விதை லேபுக்கு நான் பொறுப்பாளர். சித்திரை வெயிலில் சிப்பிக் காளான் வராது. எங்களிடம் விதை வாங்குகிறவர்கள் கொட்டகையைப் பூட்டிவிடுவார்கள். சாக்கோட்டை வசந்தாவுக்கு அந்தக் கொட்டகை ஒன்றுதான் பிழைப்பு. "கோடைக்குத் தாங்குற மாதிரி ஒண்ணு குடுங்கக்கா, பூட்டிப்போட்டு நான் எங்குட்டுப் போக?" என்று வருஷம் தவறாமல் கேட்பாள்.

அவளுக்காகவே காட்டுச் சிப்பிக் காளான் ஒன்று உதிர்த்த ஸ்போர்களை, அதாவது தூள் போன்ற வித்துகளை, தனித்தனியாக வளர்த்தேன். ஒற்றை ஸ்போரிலிருந்து வரும் இழையில் செல்லுக்கு ஒரே நியூக்ளியஸ்; அதுதான் மோனோ. பொருத்தமான இரண்டு மோனோ தொட்டுக்கொண்டால் செல்லுக்கு இரண்டு நியூக்ளியஸ் ஆகும். இழையின் கணுக்களில் கிளாம்ப் என்ற சிறு புடைப்பு வரும். இந்த ஜோடி இழையில்தான் நமக்குக் காளான். நான் வளர்த்ததில் ஒரே ஒரு மோனோதான் சூட்டைத் தாங்கியது. டியூபில் இருந்த அதன் நகலில் பச்சைப் பூசணம் பிடித்துவிட, மிச்சம் ஒரே ஒரு வளர்ப்புத் தட்டு.

நான் லீவில் இருந்த வாரம் லேபைப் பார்க்க ஆட்கள் வந்திருக்கிறார்கள். முதலாளி சொக்கலிங்கம் என்னைவிட இளையவர். அரைகுறைப் படிப்பு, முழு ஆர்வம். போட்டோவுக்கு அழகாக இருக்கட்டும் என்று அந்தத் தட்டின் ஓரத்தில் கடை ரகத்து ஜோடி இழையில் ஒரு துண்டை வைத்துவிட்டார்.

"என்ன தம்பி செஞ்சு வச்சிருக்கீக?"

"மோனோ பக்கத்துல மோனோ வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதாக்கா? பாத்துத்தான் ஜோடியை வச்சேன். அதுதான் ஏற்கெனவே சேந்துபோச்சே, இன்னும் எதுக்கு இதுகூடச் சேரப் போகுது?"

மனுஷருக்குச் சொல்லும் நியாயம் பூஞ்சைக்குப் புரியுமா? ஜோடி இழை தொட்டால், அதன் இரண்டு நியூக்ளியஸில் பொருந்துகிற ஒன்று மோனோவுக்குள் புகுந்து பரவிவிடும். எந்த மூலையில் எடுத்துப் பார்த்தாலும் கிளாம்ப்; தனி மோனோ துளியும் மிச்சமில்லை.

"அப்ப புது ரகம் வந்துருச்சுன்னு சொல்லுங்கக்கா!"

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் வாய் பலித்துவிட்டது. அந்தக் கலப்பு சித்திரையிலும் காளான் விட்டது. வசந்தா கொட்டகையைப் பூட்டவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் "நான் கண்டுபிடிச்சது" என்றார் சொக்கலிங்கம்.

நகலுக்கு மேல் நகல் எடுத்ததில் ரகம் தளர்ந்தது. காளான் சிறுத்தது, பிறகு வரவேயில்லை. மறுபடி கலக்கலாம் என்றால் மோனோ எங்கே?

"போட்டோ இருக்குக்கா" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காளான் விடுகிற ஜோடியைப் பத்திரப்படுத்த எல்லாருக்கும் தெரியும். அதைப் பெற்ற மோனோவை நாலு இடத்தில் வையுங்கள். யார் கையும் படாமல் வையுங்கள்.

இந்தச் சித்திரையில் வசந்தா போன் செய்தாள். "இல்லைன்னு மட்டும் சொல்லிராதீகக்கா." அதைத்தான் சொன்னேன்.