பல் முளைக்காத பிள்ளை

செத்தவர்கள் எழும்பி நடந்து வருகிற படங்களைத்தான் நிப்றாஸ் தொலைபேசியில் விழுந்து விழுந்து பார்ப்பான். பக்கத்தில் இருந்து அவித்த மட்டியில் சதை எடுத்துக்கொண்டிருக்கும் உம்மாவுக்கும் காட்டுவான். தள்ளாடித் தள்ளாடி வருவார்கள், கண்டவரைக் கடிப்பார்கள், கடிபட்டவரும் எழும்பிக் கடிப்பார். "மண்டையில ஒண்டு போட்டாத்தான் உம்மா விழுவானுகள், இல்லாட்டி விடாமத் துரத்துவானுகள்" என்று விளக்கமும் சொல்வான். றுக்கியா ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, "மையித்துக்கு இவ்வளவு பசியா? உன்னைப் போலதான் இருக்கிறானுகள்" என்பாள். அந்தப் படக்காரர்களுக்கு என்ன தெரியும்? கிண்ணியாவில் எழும்பி வந்தது யாரையும் கடிக்கவில்லை. கடிக்க அதற்குப் பல்லே முளைத்திருக்கவில்லை.

றுக்கியா மட்டி எடுப்பவள். களப்பில் நீர் வற்றுகிற நேரம் பார்த்து, முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் இறங்குவாள். மட்டியைக் கண்ணால் தேட முடியாது, சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். காலால்தான் துழாவ வேண்டும். பெருவிரல் பட்ட மாத்திரத்திலேயே இது மட்டி, இது கல், இது உடைந்த போத்தல் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். வாயும் காலைப் போலத்தான், சும்மா கிடக்காது. மட்டி வாங்க வருகிறவர் வாளிக்குள் கையை விட்டுக் கிளறினால், "வாங்கப் போறீங்களா, குளிப்பாட்டப் போறீங்களா?" என்று கேட்டுவிடுவாள். அப்படியே உழைத்து, அப்படியே பேசி, ஒற்றை ஆளாக நிப்றாஸை வளர்த்தெடுத்தாள்.

அவன் ஓட்டோ ஓடினான். பின்கண்ணாடியில் ஸஜ்ஜாத் என்று பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருந்தான். அது யாரென்று கேட்டவர்களிடம், "எனக்குப் பிறக்கப்போற மகன்" என்பான். "முதல்ல உனக்கொரு பொம்பிள கிடைக்கட்டும்" என்று றுக்கியா சிரிப்பாள். பொம்பிளை கிடைக்க முதல் டிப்பர் லொறி வந்தது. தம்பலகாமத்தில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வளைவில் வைத்து அடித்துவிட்டது. அன்றைக்கே குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, தொழுவித்து, பொழுது சாய முதல் மையவாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பெண்கள் அங்கே போகிற வழக்கம் இல்லை. றுக்கியா வீட்டில் இருந்தாள். கண்ணாடியில் பேர் மட்டும் உடையாமல் ஓட்டோ முற்றத்தில் கிடந்தது.

ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்த கையோடு அவள் களப்பில் இறங்கிவிட்டாள். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். வெயில் நன்றாக ஏறியிருந்தது. சேற்றுக்குள் கால் போய்க்கொண்டிருந்தது. மட்டி, மட்டி, கல். பிறகு அவளுடைய பெருவிரலை ஏதோ பிடித்தது.

கவ்வவில்லை, கடிக்கவில்லை. பிடித்தது, அவ்வளவுதான். பால் குடிக்கிற பிள்ளை விரலைப் பிடிப்பதுபோல் பிடித்தது. மட்டி என்று சொல்ல, கல் என்று சொல்ல அவளுடைய காலுக்குத் தெரியும். இதையும் அது அறிந்துகொண்டது. றுக்கியா குனிந்து கைவிட்டு எடுத்தாள்.

எட்டு மாதப் பிள்ளை. உடம்பெல்லாம் சேறு, கண் திறந்தபடி. மூச்சில்லை, அழுகையில்லை, ஆனால் கண் அவளுடைய முகத்தைப் பார்த்தது. சேற்றைக் கழுவினாள். இடுப்பில் கறுத்துப்போன வெள்ளி அரைஞாண், அதில் தாயத்து. கட்டிவிட்டது அவள்தான். அந்த முடிச்சுக்கூட அவளுடைய முடிச்சு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சுனாமி அலை அடித்த வருடம் றுக்கியாவின் வீடு கடற்கரையில் இருந்தது. புருஷன் அஷ்பாக் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினான், அலை இரண்டு பேரையும் எடுத்துக்கொண்டது. அஷ்பாக்கின் மையித்து கிடைத்தது. பிள்ளை கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சனத்தோடு சனமாகக் கிடந்தவளின் மடியில் யாரோ ஒரு மனிதர் சேறும் மண்ணுமாக ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து வைத்தார். "இந்தாங்க ராத்தா, உங்கட புள்ள கிடைச்சிட்டு" என்றார். அது அவளுடைய பிள்ளை இல்லை. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். மார் கட்டிக் கல்லாகி வலித்துக்கொண்டிருந்தது, பிள்ளை முகத்தைத் திருப்பித் தேடியது. அவள் பால் கொடுத்தாள். அந்தப் பிள்ளையைத் தேடி யாரும் வரவில்லை. வந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாளா? கொடுத்திருக்கவே மாட்டாள்.

வந்தவனுக்குப் போனவனின் பேரைத்தான் வைத்தாள், அல்லது பேர் தானாகவே அவன்மேல் விழுந்துவிட்டது. நிப்றாஸ். புது இடத்தில் புது வீடு, அக்கம் பக்கத்தில் எல்லாரும் புது ஆட்கள். காலம் போகப் போக அவன் தான் பெறாத பிள்ளை என்பது அவளுக்கே மறந்து போயிருந்தது.

இப்போது மற்றவன் வந்திருக்கிறான். வாளியில் இருத்தி, மேலே ஈரத்துணியைப் போர்த்தி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பயப்படவில்லையா என்று கேட்டால், இல்லை. பெற்ற பிள்ளைக்கு யார் பயப்படுவார்? கதவைச் சாத்திவிட்டு, மடியில் போட்டு, தலை துவட்டினாள். துவட்டத் துவட்ட ஈரம் ஊறிக்கொண்டே வந்தது. பால் கரைத்துக் கரண்டியால் வாயில் விட்டாள், அது கடைவாயால் வழிந்தது. "நிப்றாஸ்" என்று கூப்பிட்டாள். தலை திரும்பியது. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்தான் திரும்பியது.

அடுப்பு மூட்டக் குசினிக்கு எழும்பிப் போனாள். திரும்பிப் பார்த்தால் பிள்ளை தவழ்ந்து பின்னால் வந்துகொண்டிருந்தது. கிணற்றடிக்குப் போனாள், அங்கேயும் வந்தது. அவள் நின்றால் காலடியில் வந்து நிற்கும், நடந்தால் வரும். தூங்கவில்லை, கண்ணை மூடவில்லை. படத்தில் வருகிறவர்கள் விடாமல் துரத்துவார்கள் என்று மகன் சொன்னது நினைவு வந்தது. எட்டு மாதப் பிள்ளை உம்மாவைத் தவிர வேறு யாரைத் துரத்தும்?

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். இத்தனை வருடமாகக் கடலைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையில் நின்றது இப்போது மடியில் கிடந்தது. ஆனால் மறுநாள் பிள்ளையின் முழங்காலைப் பார்த்தாள். சீமெந்துத் தரையில் தவழ்ந்து தவழ்ந்து தோல் தேய்ந்திருந்தது. இரத்தமில்லை. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. துணி சுற்றினாள், துணியும் தேய்ந்தது. பிறகு அவள் எழும்புவதையே விட்டுவிட்டாள். அவள் அசைந்தால் பிள்ளை தேயும். சோறு சமைக்கவில்லை, களப்புக்குப் போகவில்லை, பாயில் இருந்தபடியே இருந்தாள்.

ஆளைக் காணவில்லை என்று பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா கஞ்சியோடு வந்தாள். களப்பில் சேர்ந்து மட்டி எடுக்கிறவள். றுக்கியா பிள்ளையைப் போர்வைக்குள் மூடிக்கொண்டாள். ஆறுதல் சொல்ல வந்த நிஸா, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் அடக்கத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

"எல்லாம் ஒரு குறையுமில்லாம நடந்தது ராத்தா. எங்கட மனிசன் கபுறடியிலதான் நிண்டவர். தல்கீன் ஓதேக்குள்ள லெப்பை கேட்டாராம், மையித்துட உம்மாட பேர் என்ன எண்டு. இவர்தான் சொன்னாராம், றுக்கியா எண்டு. நிப்றாஸ், றுக்கியாட மகனே எண்டு கூப்பிட்டு வடிவா ஓதினாராம்."

றுக்கியா போர்வையை இறுக்கிப் பிடித்தாள். மண்ணை மூடிய பிறகு, தலைமாட்டில் இருந்து, செத்தவரைப் பேர் சொல்லி, தாயின் பேரும் சொல்லிக் கூப்பிட்டு, வானவர்களான மலக்குகள் வந்து கேட்டால் இன்னின்ன பதிலைச் சொல் என்று சொல்லிக் கொடுப்பதுதான் தல்கீன். அந்தப் பேரில் அந்தத் தாய்க்குப் பிறந்தவன் கபுறில் இல்லையே. கடலில் கிடந்தான். கூப்பிட்டது அவனுக்குத்தான் கேட்டிருக்கிறது. றுக்கியாவின் மகன் என்றார்கள், அவன் றுக்கியாவைத் தேடி வந்துவிட்டான். கபுறில் கிடக்கிறவனையோ இன்னும் யாரும் கூப்பிடவே இல்லை.

போர்வை அசைந்தது. நிஸா பார்த்துவிட்டாள். கஞ்சிக் கோப்பை கையிலிருந்து விழுந்தது. "அல்லாஹ்வே" என்று மட்டும் சொன்னாள், கத்தவில்லை.

"லெப்பையை மையவாடிப் படலை வாசலுக்கு வரச் சொல்லு நிஸா. நான் வாறன்."

ஸைனுலாப்தீன் லெப்பை வயதான மனிதர், எத்தனையோ மையித்துகளைக் குளிப்பாட்டிய கை. படலையடியில் றுக்கியா துணியை விலக்கிக் காட்டியபோது பிள்ளையின் கண்ணைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், பிறகு மெதுவாக மண்ணிலேயே குந்திவிட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அலையைச் சொன்னாள், பள்ளிக்கூடத்தைச் சொன்னாள், சொல்லாமல் விட்ட ஒரு சொல்லையும் சொன்னாள். நிஸா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"தொட்டில் புள்ளையளுக்குத் தல்கீன் ஓதுறல்ல மகள்" என்றார் லெப்பை. "அவங்களுக்குக் கேள்வியுமில்ல, கணக்குமில்ல. தூங்கினவன நாங்க தட்டி எழுப்பிப் போட்டம்."

"திருப்பித் தூங்க வைக்க ஏலாதா?"

"கூப்பிட்டது பிழைச்சுப் போச்சு. சரியான ஆளக் கூப்பிடுவம். அது சரிவந்தா இவனும் படுத்திருவான் எண்டுதான் நான் நினைக்கிறன். அல்லாஹ்தான் அறிவான்." அவர் கபுறுகள் இருந்த பக்கம் பார்த்தார். "அவன்ட பெத்த உம்மாட பேர் தெரியுமா?"

"தெரியா."

"அப்ப ஹவ்வாட மகன் எண்டு ஓதலாம். உம்மா ஆரெண்டு தெரியாதவங்களுக்கு அப்படித்தான். மனிசர் எல்லாருக்கும் அவதானே முதல் உம்மா."

"எண்ட பேர்?"

லெப்பை கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"பால் குடுத்தனான் லெப்பை. காய்ச்சல் வந்தா நெஞ்சில போட்டுக்கொண்டு இருந்தனான். அவன்ட ஒரு பல்லு விழுந்தது கூட எனக்குத் தெரியும். எண்ட பேர் எங்கயும் வராதா?"

"நீங்க பால் உம்மா. அத ஆராலயும் இல்லையெண்ட ஏலாது. ஆனா தல்கீன்ல வராது மகள்."

றுக்கியா மடியைப் பார்த்தாள். வேண்டாம் என்று எழும்பி வீட்டுக்குப் போகலாம். பிள்ளை பின்னால் வரும். தேயத் தேய வரும், முழங்கால் போய், கை போய், கடைசியில் கண் மட்டும் வரும். மற்றவன் மண்ணுக்குள் யாரும் கூப்பிடாமல் கிடப்பான். தான் உம்மா என்று இருப்பதற்கு இரண்டு பிள்ளைகளையும் இப்படி வைத்திருக்க வேண்டும். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரோடு கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

"ஓதுங்க" என்றாள்.

"அவன்ட பேர் என்னெண்டு சொல்லுற? நிப்றாஸ் எண்டு சொல்ல ஏலாதே, அது இவன்ட பேர்."

உண்மைதான். அவனுக்கென்று ஒரு பேர் யாரும் வைக்கவே இல்லை. ஓட்டோ ஓடி, உழைத்து, உம்மாவைச் சிரிக்க வைத்து, செத்தும் போனான், இரவல் பேரோடு. பெற்றவள் வைத்த பேரை அலை கொண்டுபோய்விட்டது. தாடி முளைத்த பிள்ளைக்கு மையவாடிப் படலையில் வைத்துப் பேர் வைக்க வேண்டும். றுக்கியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உடைந்த ஓட்டோவின் கண்ணாடி நினைவுக்கு வந்தது.

"ஸஜ்ஜாத்" என்றாள். "அவன்ட மகனுக்கு வைக்கவெண்டு வச்சிருந்த பேர். அவனே எடுத்துக்கொள்ளட்டும்."

லெப்பை எழும்பி உள்ளே போனார். அவர் கபுறின் தலைமாட்டில் இருப்பது படலையிலிருந்து தெரிந்தது. பிள்ளை மடியில் கிடந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. லெப்பையின் குரல் வந்தது. ஸஜ்ஜாத், ஹவ்வாவின் மகனே என்று கூப்பிட்டார். ஒரு தரம், இன்னொரு தரம், மூன்றாம் தரம். றுக்கியாவின் பேர் எந்தத் தரத்திலும் வரவில்லை.

மூன்றாம் தரம் கூப்பிட்டபோது பிள்ளையின் பிடி விட்டது. அவளுடைய விரலை அதுவரை பிடித்துக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இமை இறங்கி மூடியது. துவட்டத் துவட்ட ஊறிய ஈரம் நின்றது.

"நிப்றாஸ்" என்று ஒரு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். கூப்பிட்டிருக்கக் கூடாது, தெரியும். தலை திரும்பவில்லை.

ஸஜ்ஜாத்தின் பக்கத்திலேயே சின்னதாக ஒரு குழி தோண்டினார் லெப்பை. தல்கீன் ஓதவில்லை. ஊருக்கு நிஸா சொன்னாளா, தானாகவே பரவியதா தெரியாது. பொழுது சாய்வதற்குள் எல்லார் வாயிலும் அந்தக் கதைதான் இருந்தது. பெறாத பிள்ளையைத் தன்னுடையது என்று சொல்லி வளர்த்தவள் என்று ஒரு கூட்டம் திட்டியது, இன்னொரு கூட்டம் அழுதது. றுக்கியா எதற்கும் வாய் திறக்கவில்லை. அந்த வாய்க்கு அது புதுசு.

மறுநாள் நீர் வற்றியபோது நிஸா வந்து படலையில் நின்றாள். "வாறீங்களா ராத்தா?" என்றாள். ஓம் என்று றுக்கியா பாயிலிருந்து எழும்பி வாளியை எடுத்தாள். வாசலைத் தாண்டும்போது பழக்கத்தில் நடையைக் குறைத்தாள், பின்னால் வருகிறவனுக்கு முழங்கால் தேயக் கூடாது என்று. பிறகு திரும்பிப் பார்த்தாள். தரை காய்ந்து கிடந்தது. இனி அவள் எவ்வளவு வேகமாகவும் நடக்கலாம்.