அண்ணன் தண்ணீர் கொடுக்கக் கூடாது

இந்த ஊரில் நான் ஓடும்போது எனக்காக யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. நியூசிலாந்துக்கு வந்து இத்தனை வருடமாகியும் அது எனக்குப் பழகவில்லை. மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே போகிற சாலை. மழை சாத்தும், மூச்சு இரைக்கும், தலை தொங்கிப் போயிருக்கும். எதிரே வருகிற காரோட்டி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி வணக்கம் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ஒருநாள் கணுக்கால் பிசகி நொண்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கும் அதே ஒரு விரல்தான். கோபப்பட ஒன்றுமில்லை, அவர்கள் ஊர் மரியாதை அது. ஒருத்தி ஓடுகிறாள் என்றால் ஓட வேண்டும் என்று நினைத்துத்தானே ஓடுகிறாள், நடுவில் நாம் யார் என்று இருந்துவிடுகிறார்கள்.

தேனிப் பக்கம், கேரள எல்லையை ஒட்டிய எங்கள் கூடலூரில் இப்படி ஓடிவிட முடியுமா? கம்பம் ரோட்டில் நான் கொஞ்ச தூரம் போவதற்குள் ஒரு பைக் வேகம் குறைக்கும். "எங்கன போகணும்? ஏறுங்க, விட்டுட்டுப் போறேன்." வேண்டாம் என்றால், "பஸ்ஸ விட்டுட்டீகளா?" இல்லை, சும்மாதான் ஓடுகிறேன் என்று சொன்னால் முகம் மாறிவிடும். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன் என்று அவர்களாக முடிவு செய்து என் அண்ணனுக்குப் போன் போட்டுவிடுவார்கள். கதை விடவில்லை. இரண்டாயிரத்து எட்டு, தை மாதத்தில் இது நடந்தது.

அப்போது நான் ஒரு நெடுந்தூர டிரையத்லானுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அதன் தூரத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஏரியில் ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் நீந்த வேண்டும். எழுந்த ஈரத்தோடு சைக்கிள் ஏறினால் நூற்றெண்பது கிலோமீட்டர், அதாவது கூடலூரிலிருந்து மதுரைக்குப் போய்த் திரும்பி ஆண்டிபட்டி வரைக்கும் வந்துவிடலாம். சைக்கிளைப் போட்டுவிட்டு அதன் பிறகு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். கூடலூரில் கிளம்பினால் வீரபாண்டி வந்துவிடும். எல்லாம் ஒரே பகலில். இதைக் கேட்டதும் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "எதுக்கு?"

எதுக்கு என்று என் கணவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். பிறந்ததிலிருந்து என்னை யாராவது சுமந்துகொண்டே வந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு அண்ணனின் ஜீப்பில் போனேன். கல்லூரி விடுதியில் என் பெட்டியை மூன்றாவது மாடிக்கு ஏற்றியது அண்ணன். மாப்பிள்ளை விசாரித்தது அண்ணன். விமான நிலையத்தில் உள்ளே விட மாட்டேன் என்று தடுத்த காவலரிடம், "தங்கச்சி தனியா எப்படிங்க தூக்கும்?" என்று கடைசிவரை மல்லுக்கு நின்றதும் அவர்தான். நான் நன்றி கெட்டவள் இல்லை. ஆனால் முப்பத்தாறு வயதில், ஒரு காரியமாவது முழுக்க முழுக்க என் கை காலால் செய்தேன் என்று இருக்க வேண்டும்போல இருந்தது. அந்த ஆசை வயிற்றில் பசி மாதிரி இருந்தது. பால் தொழிற்சாலை ஆய்வகத்தில் எனக்குப் பக்கத்து மேசைக்காரி ஷரோன் இந்தப் போட்டியை இரண்டு முறை முடித்தவள். அவளிடம் என் ஆசையைச் சொன்னபோது, "நல்லது" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போய்விட்டாள். அவளுக்குப் பிடிக்கவில்லை போல என்று அன்று முழுக்க மனம் வெந்துகொண்டிருந்தேன். மறுநாள் காலை, தன் பழைய சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டு என் காருக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தாள்.

போட்டிக்கு ஒரு விதி உண்டு. வெளியாட்கள் யாரும் போட்டியாளருக்கு உதவி செய்யக் கூடாது. டயர் பஞ்சரானால் நீயேதான் ஒட்ட வேண்டும். தாகம் எடுத்தால், வழிநெடுக மேசை போட்டு நிற்கிற தொண்டர்களிடம் வாங்கிக் குடிக்கலாம். வேடிக்கை பார்க்க வந்த குடும்பத்தார் ஒரு வாய்த் தண்ணீர் நீட்டி, அதை வாங்கிக் குடித்தது நடுவர் கண்ணில் பட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். ஒரு வருட உழைப்பு அத்தோடு போச்சு. விதியைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கு வேண்டியதே அதுதான்.

போட்டி மார்ச் மாதம். தையில் அண்ணன் மகளுக்குச் சடங்கு வைத்துவிட்டார்கள். அத்தைக்காரி நான் இல்லாமல் யார் தண்ணீர் ஊற்றுவது? ஐந்து வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, பயிற்சியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டி வந்து இறங்கிய என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டு மதினி, "அந்த ஊர்ல சோறு கெடைக்காதா ஆத்தா?" என்று கேட்டு, கூட வந்திருந்த என் கணவரை ஒரு முறை முறைத்தாள். அவர் பாவம், ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை சமையல் முழுக்க அவர் கையில்தான்.

அண்ணன் பாண்டிக்குப் பயிற்சி என்றால் என்ன என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. காலையில் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, என் பின்னாலேயே கிளம்பிவிட்டார். முல்லையாற்றில் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. நான் ஆற்றுக்கு எதிராக நீந்துவது, அடித்துக்கொண்டு போகாமலிருக்க இடுப்பில் கயிறு கட்டி அதன் மறுமுனையைப் படித்துறையில் உட்கார்ந்து அவர் பிடித்துக்கொள்வது என்று ஏற்பாடு. கையை வீசி வீசி நீந்துவேன், இருந்த இடத்திலேயே இருப்பேன். துணி துவைக்க வந்த பெண்கள், "என்னா ஆத்தா, அங்கனயே கெடக்க?" என்று சிரிப்பார்கள். ஒருநாள் மளமளவென்று முன்னேறினேன். எனக்கே ஆச்சரியம். தலையைத் தூக்கிப் பார்த்தால், அண்ணன் கயிற்றை ஒரு முழம் ஒரு முழமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்ற?"

"எம்புட்டு நேரந்தான் அங்கனயே கெடப்ப? நாலடியாச்சும் முன்னால போகட்டுமேன்னு பாத்தேன்."

சைக்கிளுக்கு வேறு மாதிரி. லோயர் கேம்ப்பைத் தாண்டிக் குமுளி மலையில் ஏறுகிறேன். ஜீப்பை எனக்கு முன்னால் ஓட்டிக் காற்றை மறைத்துக்கொண்டு போகிறார். தள்ளிப் போகச் சொன்னால் பக்கத்தில் வருகிறார். ஒரு கொண்டை ஊசி வளைவில் நான் பெடலை மிதிக்க முடியாமல் தள்ளாடியபோது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "சும்மா இதப் பிடிச்சுக்க தாயி, ஒருத்தனும் பாக்கல" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு நடுரோட்டில் நின்று கத்தினேன். விதியை அவரிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை, அங்கேதான் சொன்னேன். நீ கை கொடுத்தால் என்னைப் போட்டியிலிருந்தே தூக்கிவிடுவார்கள், தண்ணீர் கொடுத்தால்கூடத் தூக்கிவிடுவார்கள், என்னை ஒரு தடவையாவது தனியாக விடு என்றேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரன் அடிப்பதைக்கூட நிறுத்திவிட்டார்.

அண்ணன் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தார். "கூடப் பொறந்தவன் தண்ணி குடுத்தா தப்பு. யாரோ எவரோ குடுத்தா தப்பில்ல. அப்படித்தான?"

"அப்படித்தான்."

"அப்ப நான் எதுக்கு?" என்றார். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். நான் குனிந்து சைக்கிளைத் தூக்கி நிறுத்தினேன்.

சடங்கு முடிந்து நான் கிளம்புகிற அன்று, போட்டியைப் பார்க்கத் தானும் வருவதாகச் சொன்னார். எனக்குப் பகீர் என்றது. என் கணவர்தான் விசாவுக்கு எழுதிப் போட்டு வரவழைத்தார். வந்து இறங்கிய மறுநாளே எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விஷயத்தைப் போட்டு உடைத்தார். "அந்தத் தண்ணி குடுக்குற ஆளுகளோட என்னையும் சேத்து விடுங்க மாப்ள. மலைலேருந்தே யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஷரோன் யாரிடமோ பேசி, ஓட்டப் பாதையில் ஒரு தண்ணீர் மேசையில் அவருக்கு இடம் வாங்கிவிட்டாள். ஓடி வருகிறவர் தங்கள் குடும்பத்தார் என்றாலும் தொண்டர்கள் தண்ணீர் கொடுக்கலாம், பேசலாம், ஒன்றும் தப்பில்லை என்று அவரிடம் பொறுமையாக விளக்கினாள். நான் மொழிபெயர்த்தேன். அண்ணன் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினார், ஆனால் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "அதெல்லாம் வேணாம். தெரியாத ஆளு குடுத்தாத்தான் செல்லும்னா, நான் தெரியாத ஆளாவே குடுத்துட்டுப் போறேன். எங்கிட்டப் பேச்சுக் குடுக்காத. ஒன் பேர அடிச்சுட்டாகன்னா எனக்குத் தாங்காது."

போட்டியன்று நீச்சலும் சைக்கிளும் எப்படியோ ஓடிவிட்டன. ஏரி குளிர்ந்து கிடந்தது. சைக்கிளில் பாதி தூரம் எதிர்க்காற்று. சட்டைப் பையில் அண்ணி கொடுத்தனுப்பிய எள்ளுருண்டையைத் தின்றுகொண்டே மிதித்தேன். ஓட்டம் ஏரிக்கரையை ஒட்டி மூன்று சுற்று. முதல் சுற்றில் தூரத்திலிருந்தே அண்ணன் குரல் கேட்டது. "வெள்ளம் வேணோ? வெள்ளம்! வெள்ளம்!" கூடலூர்க்காரர்களுக்குத் தமிழ் தெரியாத ஆள் என்றால் நாக்கு தானாக மலையாளத்துக்குப் போய்விடும், தண்ணீர் வேண்டுமா என்று ஊரையே மலையாளத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். தொளதொளவென்று ஆரஞ்சு நிறச் சட்டை, தலையில் தொப்பி. வேண்டாம் என்று கையைக் காட்டியவர்களையும் விடாமல் நாலடி கூட ஓடிப்போய்க் கையில் திணித்துவிட்டு வந்தார். அவர்களும், "சியர்ஸ், மேட்" என்று அந்த ஊர்ப் பாணியில் நன்றி சொல்லிச் சிரித்துக்கொண்டு குடித்தார்கள்.

என் முறை வந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோப்பையை நீட்டி, "வெள்ளம் வேணோ?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பிலேயே அடுத்த சில கிலோமீட்டர் ஓடிவிட்டேன்.

இரண்டாவது சுற்றில் என் உடம்பு கைவிட்டுவிட்டது. தொடை இழுத்துக்கொண்டது, குடித்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. தண்ணீர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தால் எழ மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணே, முடியலண்ணே" என்றேன்.

அவர் கோப்பையை வழிய வழிய நிரப்பினார். தண்ணீர் சிந்தி அவர் சட்டையெல்லாம் நனைந்தது. கண்ணை எனக்குப் பின்னால் எங்கேயோ வைத்துக்கொண்டு, கரகரத்த குரலில், "வெள்ளம் வேணோ?" என்றார் மறுபடியும்.

அந்த நேரத்தில் அவரை வெறுத்தேன். பொய் சொல்லி என்ன பயன்? தனியாக விடு என்று மலையில் நின்று கத்தியவள் நான்தான். விட்டுவிட்டார். இப்போது என் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை, நம் பேச்சில் ஒரே ஒரு வார்த்தை கிடைத்தால் போதும் என்று ஏங்கினேன். கோப்பையைப் பிடுங்கிக் குடித்து, கசக்கி எறிந்துவிட்டு நடந்தேன். ஏறக்குறைய அழுதுகொண்டேதான் நடந்தேன். நடை எப்போது ஓட்டமாக மாறியது என்று தெரியாது, கோபத்துக்கும் கால் உண்டு போலிருக்கிறது.

மூன்றாவது சுற்றில் வெயில் இறங்கி ஏரி மங்கத் தொடங்கியிருந்தது. கால் மரத்துப் போயிருந்தாலும் நின்றுவிடவில்லை, முடித்துவிடுவேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. தண்ணீர் மேசையில் அண்ணனைக் காணவில்லை. கோப்பையை நீட்டிய பெண், "உங்கள் அண்ணன்தானே அவர்? அதோ" என்று முன்னால் கையைக் காட்டினாள். அவரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது, நான் யாரென்றும் தெரிந்திருந்தது. ஒளித்து வைத்தது அவர் ஒருவர் மட்டும்தான்.

சற்றுத் தள்ளிப் பாதையோரத்தில் ஒரு வெள்ளைக்காரர், ஆறடிக்கு மேல் உயரம், இனி ஓட முடியாது என்று போட்டியைக் கைவிட்டவர், அண்ணனின் தோளில் முழுப் பாரத்தையும் போட்டுத் தொங்கிக்கொண்டு வந்தார். கைவிட்டவரை யாரும் தாங்கலாம், விதி தடுக்காது. அண்ணன் அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தார். "பாத்து, பாத்து. மெதுவா வைய்யி காலை. ஒண்ணுமில்லப்பா, இந்தா வந்துருச்சு." சுத்தமான கூடலூர்த் தமிழ். அந்த மனிதர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், எல்லாம் புரிந்தவர் மாதிரி.

நான் அவர்களுக்கு நேராக வந்தபோது அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அன்று முழுக்க முதல் தடவையாகப் பார்த்தார். இரண்டு கையும் இன்னொருவரைப் பிடித்திருந்தன.

அந்தத் தோளில் தொங்குகிறவளாக நான் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அப்படியும் என் கால்கள் அவர்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன.