குறைத்து எழுதிய எடை

கோடு போடுவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தபோது, என் வருகைப் பதிவேட்டைப் பார்ப்பதற்கென்றே மற்ற டீச்சர்கள் என் வகுப்புக்கு வருவார்கள். ரூல்தடியும் சிவப்பு மசியும் கிடைத்துவிட்டால் உலகத்தில் எதையும் கட்டம் கட்டி அடக்கிவிடலாம் என்று இருபத்தாறு வயதில் உறுதியாக நம்பினேன். இப்போதும் பாதி நம்பிக்கை இருக்கிறது. மற்றப் பாதி கரையான்சாவடியில் போயிற்று.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆவடிப் பக்கம் எங்கே பார்த்தாலும் பட்டாளத்து லாரிகள். பெட்ரோல் கிடைக்காததால் பூந்தமல்லி சாலையில் பஸ்கள் பின்பக்கம் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. எங்கள் வட்டாரத்து வசதியான வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மண்ணூர்பேட்டை, காட்டுப்பாக்கம், கரையான்சாவடி என்று மூன்று இடங்களில் அந்தச் சங்கம் குழந்தை நல நிலையம் நடத்தியது. வாரத்தில் ஒரு நாள் தாய்மார்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நர்ஸ் குளிப்பாட்டிவிட்டு, சொறி சிரங்குக்கு மருந்து போட்டு, எடை பார்த்து, ஒரு வாரத்துக்கு வேண்டிய பால்பொடியை அளந்து கொடுப்பாள். எல்லாக் குழந்தைக்கும் ஒரே அளவுதான்.

யுத்தத்தில் பால்பொடி வரத்துக் குறைந்துபோயிற்று. மூன்றில் ஒரு நிலையத்தை மூடியாக வேண்டும் என்ற நிலைமை. சங்கத் தலைவியம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"எது நெஜமா வேலை செய்யுதோ அது இருக்கட்டும். எது பேருக்கு நடக்குதோ அதை மூடிடலாம். நீதான் கணக்குல கெட்டிக்காரியாச்சே. மூணு மாசம் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.

இதைக் கேட்டதும் எனக்குக் கை பரபரத்தது. அன்றைக்கே ஒரு தாளில் கட்டம் கட்டி ஒரு பாரம் தயார் செய்தேன். குழந்தையின் பெயர், வயது, முதல் நாள் எடை, இன்றைய எடை, கடைசியில் சிவப்பு மசியில் 'ஏற்றம்'. பால் குடித்த குழந்தை எடை ஏற வேண்டும். ஏறினால் நிலையம் நன்றாக நடக்கிறது, ஏறாவிட்டால் நடக்கவில்லை. இதில் குழப்பத்துக்கு என்ன இடம் இருக்கிறது என்று நினைத்தேன்.

மண்ணூர்பேட்டையில் கூட்டம் சுமார்தான், ஆனால் ஏற்றம் கட்டம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக நிறைந்தது. காட்டுப்பாக்கமும் அப்படியே. கரையான்சாவடியில்தான் இடித்தது. மற்ற இரண்டு இடத்துக் குழந்தைகளைச் சேர்த்தாலும் இங்கே வரும் கூட்டத்துக்கு ஈடாகாது. பூந்தமல்லியிலிருந்துகூட நடந்து வந்தார்கள். ஆனால் பதிவேட்டில் எடை அசையவே இல்லை. மூன்று மாதத்தில் அரை ராத்தல் ஏறிய குழந்தையே அதிகம். சிலது இறங்கியும் இருந்தது.

அங்கே இருந்த நர்ஸுக்கு என் வயதுதான். நல்ல உயரம், வெள்ளைப் புடவை, அதிர்ந்து பேசமாட்டாள். புருஷன் ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவன்; ஜப்பான்காரன் உள்ளே வந்த பிறகு அவனிடமிருந்து கடிதாசி நின்றுவிட்டது. நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில், படுத்த படுக்கையாகக் கிடந்த தாயாரோடு குடியிருந்தாள். நிலையத்தை மூடினால் வேலையும் போகும், இருக்க இடமும் போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அறிக்கையை எழுதினேன்.

'கரையான்சாவடி நிலையத்தில் கொடுக்கப்படும் பால்பொடி குழந்தைகளின் வயிற்றுக்குப் போய்ச் சேரவில்லை என்று கருத இடமிருக்கிறது.' இந்த வாக்கியத்தை நான்கு தடவை திருத்தி எழுதினேன். நர்ஸ் பால்பொடியை வெளியே விற்கிறாள் என்பதை இவ்வளவு நாகரிகமாகச் சொல்ல முடிந்ததே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

திங்கட்கிழமை சங்கக் கூட்டம். பதிவேட்டின் நகலில் நர்ஸின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. சனிக்கிழமை கரையான்சாவடியில் எடை பார்க்கும் நாள் என்பதால் அன்று கிளம்பினேன். வழக்கமாக அந்தக் கரி பஸ் நடுவழியில் நின்று, கண்டக்டர் இறங்கி அடுப்பைக் கிளறி, நான் போய்ச் சேரும்போது கூட்டம் கலைந்திருக்கும். பதிவேட்டை வாங்கி நகல் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன். அன்றைக்கு என்ன அதிசயமோ, பஸ் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. காலை ஒன்பது மணிக்கெல்லாம் நிலையத்தின் வாசலில் இறங்கினேன்.

உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உத்தரத்திலிருந்து முள் தராசு தொங்கியது. அதன் கொக்கியில் தூளி மாதிரி ஒரு துணி. நர்ஸ் முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஒரு குழந்தையைத் துணியில் கிடத்தினாள். "பன்னெண்டு" என்று சொல்லி எழுதினாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றேன். முள் பதினாறு ராத்தலைத் தாண்டி நின்றது. அடுத்த குழந்தை. "பத்து" என்றாள். முள் பதினாலில் இருந்தது.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோஷமும் அதில் இருந்தது, மறைப்பானேன்.

"முள்ளு எங்க நிக்குது, நீங்க என்ன சொல்றீங்க நர்ஸம்மா? பதினாலு ராத்தல் புள்ளைக்குப் பத்துன்னு எழுதறீங்களே" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அந்தப் பதினாலு ராத்தல் குழந்தையின் தாய் ஓடிவந்து பிள்ளையைத் துணியிலிருந்து பிடுங்கி, முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே போனாள். அவளுக்குப் பின்னாலேயே இன்னொருத்தி. பிறகு நாலு பேர். பால்பொடிகூட வாங்காமல் பாதி அறை காலியாயிற்று. நர்ஸ் தலை நிமிரவில்லை.

பூந்தமல்லியிலிருந்து வரும் முஸ்லிம் தையல்காரரின் மனைவி ஒருத்தி போகாமல் நின்றாள். நாலு பிள்ளை பெற்றவள், யாருக்கும் பயப்படாதவள்.

"இன்னா டீச்சரம்மா, இப்டி பண்ட்டீங்க? பச்சப் புள்ளையோட எடைய நாலு பேருக்கு நடுவுல போட்டு ஒடைக்கலாமா?" என்றாள்.

"எடையைச் சொன்னா என்ன ஆயிடும்?"

"உங்க சங்கத்துக்காரங்க ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இங்க பந்தல் போட்டு கொயந்தைக் கண்காட்சி வச்சாங்களே, நெனப்பு கீதா? எந்தப் புள்ள கனம் ஜாஸ்தின்னு பாத்து, மேடைல தூக்கிக் காட்டி, இருபத்திரெண்டு ராத்தல்னு கூவி, வெள்ளிக் கிண்ணம் குட்தாங்க. சனம் அத்தினியும் கை தட்டிச்சு. எட்டாம் நாளு அந்தப் புள்ள காய்ச்சல்ல பூட்ச்சி. அதுக்கப்புறம் எவ இங்க புள்ளயத் தூக்கிகினு வருவா? எங்க ஆளுங்க நஸர்னு சொல்வோம், இவங்க கண்ணுன்னு சொல்வாங்க. பயம் ஒண்ணுதான். ரெண்டு மாசம் இந்தத் தராசுல ஈ ஒக்காந்துகினு இருந்துச்சு. இந்த நர்ஸம்மாதான் ஊடு ஊடா வந்து, ஒங்க புள்ள எடைய உள்ளபடி சொல்லவும் மாட்டேன், ஏறுனத ஏறுனதா எயுதவும் மாட்டேன்னு சத்தியம் பண்ணிச்சு. அத்த நம்பித்தான் வந்துகினு கீறோம்."

நான் நர்ஸைப் பார்த்தேன். "இதை ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்க நோட்டுப் பொஸ்தகத்தத்தான் கேட்டீங்க, டீச்சரம்மா. என்னெ ஒண்ணுமே கேக்கல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

தண்ணீர் குடிக்கிறீர்களா என்று பின்னறைக்கு அழைத்துப் போனாள். தாயார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூலையில் ஒரு தகரப் பெட்டி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவள் கவனித்தாள்.

"நீங்க செவப்பு மசி எடுத்த அன்னிக்கே கட்டி வச்சிட்டேன். எங்க போறதுன்னுதான் தெர்ல" என்றாள்.

என் பையில் அந்த நாகரிகமான வாக்கியம் மடித்து வைத்திருந்தது. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்ட நாள் வேறு இல்லை. கண் படுவதில் எனக்கு அன்றைக்கும் நம்பிக்கை இல்லை, இன்றைக்கும் இல்லை. அதற்காக நான் செய்தது சரியாகிவிடுமா?

ஆனால் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிற ஜாதி இல்லை நான். தப்பு என் பாரத்தில் இருந்தால் பாரத்தை மாற்ற வேண்டியதுதான். நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. வெளியே வந்து தையல்காரரின் மனைவியிடமே நேராகக் கேட்டேன்: அவர்கள் பயத்தையும் மதிக்க வேண்டும், உண்மையான எடையும் எனக்கு வேண்டும், என்ன வழி? அவள் யோசித்துவிட்டு நிபந்தனைகள் போட்டாள். ஒவ்வொருத்தராகத்தான் வருவார்கள். தராசைச் சுற்றித் திரை கட்ட வேண்டும். யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எழுதும் தாளில் பிள்ளையின் பெயர் இருக்கக் கூடாது.

"பேரு இல்லாட்டி கண்ணு யார் மேல படும்?" என்றாள். வக்கீல்கூட இவ்வளவு தெளிவாகப் பேசியிருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நர்ஸின் புடவை ஒன்றைத் திரையாகக் கட்டினோம். தையல்காரரின் மனைவி எப்படிச் சொல்லி அனுப்பினாளோ, ஓடிப்போனவர்கள் உள்பட எல்லாரும் வந்தார்கள். ஒவ்வொரு குழந்தையின் கன்னத்திலும் பெரிதாக மைப்பொட்டு. நர்ஸ் துணியில் கிடத்துவாள், நான் முள்ளைப் பார்ப்பேன், தாய் என் முகத்தைப் பார்ப்பாள். நான் சிரிக்கக்கூடப் பயந்து முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். ஆடியில் பிறந்தது, தைக்குப் பிறந்தது என்று வயதை மட்டும் காதோடு கேட்டுக்கொண்டு சீட்டில் நம்பர் போட்டேன்.

மத்தியானம் அந்தச் சீட்டுகளை மற்ற இரண்டு நிலையத்துக் கணக்கோடு வயது வாரியாக வைத்துப் பார்த்தேன். கரையான்சாவடிக் குழந்தைகள்தான் எல்லாரையும்விடக் கனம். ஒன்றிரண்டு வயதில் அல்ல, எல்லா வயதிலும். அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. மண்ணூர்பேட்டைப் பதிவேட்டில் ஒருதரம் வந்துவிட்டு அப்புறம் வராமலே போன குழந்தைகள் எத்தனையோ பேர். அங்கே எடையை உரக்கப் படிப்பார்கள். வந்தவர்களின் ஏற்றத்தை மட்டும் நான் பார்த்தேன். வராமல் போனவர்களுக்கு என் பாரத்தில் கட்டமே இல்லை.

திங்கட்கிழமை கூட்டத்தில் இதையெல்லாம் எழுந்து நின்று சொன்னேன். ஓர் அங்கத்தினருக்கு மனம் ஒப்பவில்லை.

"என்ன இருந்தாலும் பதிவேட்டுல பொய் எழுதியிருக்கா. விதிப்படி வேலையை விட்டு அனுப்பணும்" என்றார்.

"பொய் எழுதினது அவங்க. எழுத வச்சது நம்ம வெள்ளிக் கிண்ணம். விதின்னு பாத்தா ரெண்டையும் சேத்துப் பாக்கணும்" என்றேன்.

தலைவியம்மா சங்கடத்தோடு குனிந்துகொண்டார். அந்தக் கிண்ணத்தைக் கொடுத்தவர் அவர்தான். "அப்ப நீ எழுதிக்கிட்டு வந்த அறிக்கை?" என்று கேட்டார்.

"அது தப்பு. தப்பா எழுதினவளே கிழிக்கிறேன்" என்று அவர்கள் முன்னாலேயே கிழித்தேன். நாலு தடவை திருத்திய வாக்கியம் நாலு துண்டாகப் போயிற்று.

ஒரு நிலையத்தையும் மூடவில்லை. பால்பொடியை மூன்று இடத்திலும் ஒரு கரண்டி குறைத்துக் கொடுப்பது என்று முடிவாயிற்று. கண்காட்சி இனிக் கிடையாது. எல்லா நிலையத்திலும் திரை, பெயருக்குப் பதில் நம்பர் சீட்டு, எடையை வாயால் சொல்லக் கூடாது. இரண்டே மாதத்தில் மண்ணூர்பேட்டையில் கூட்டம் அறை கொள்ளவில்லை. இதில் என் பங்கு இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

தலைவியம்மாவுக்கு மனம் ஆறவில்லை. நர்ஸைப் பற்றித் தனியாகப் பாராட்டி ஓர் அறிக்கை எழுதும்படி சொன்னார். வருஷாந்திரக் கூட்டத்தில் அதைப் படித்து, அவளை மேடைக்குக் கூப்பிட்டு மெடல் கொடுப்பதாக ஏற்பாடு. இதைச் சொல்ல நான் கரையான்சாவடிக்கு ஓடினேன் என்றே சொல்லலாம். அவள் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தாள். அந்தக் கயிற்றில் தாயாரின் புடவை காய்ந்துகொண்டிருந்தது.

நான் சொன்னதைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மேடைல ஏத்தி, பேர் சொல்லி, எல்லாரும் கை தட்டுவாங்களா?"

"ஆமாம். தட்டாம என்ன?"

அவள் உத்தரத்தில் தொங்கிய தராசைப் பார்த்தாள். "வாணாம் டீச்சரம்மா. அந்தக் கொயந்தைக்கும் அப்டித்தான் தட்டினாங்க. அன்னிக்கி எடை பாத்துச் சொன்னதே நான்தான். எனுக்கு அம்மா கீது, இந்த ரூம்பு கீது, அவரு என்னிக்காச்சும் திரும்பி வந்தா தேடிகினு வர்றதுக்கு ஒரு வெலாசம் கீது. இதுக்கு மேல கண்ணு பட வச்சிக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. என்னெப் பத்தியும் ஒரு நாலு ராத்தல் கொறைச்சே எயுதுங்க" என்றாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: 'வேலை பரவாயில்லை. தொடரலாம்.' இதைப் பார்த்துத் தலைவியம்மாவுக்கு என்மேல் வருத்தம். அவள் அந்த நிலையத்தில் அப்புறமும் பல வருஷம் இருந்தாள். வருஷா வருஷம் அவளைப் பற்றி நான் எழுதியது இந்த மூன்று சொற்கள்தான். ஒன்றைக்கூடக் கூட்டவில்லை.