வசந்தாமணி அக்காவின் பயம்

கொழிஞ்சாம்பாறை நிறுத்தத்தில் கம்பெனி பஸ் நிற்காமல் போனது. "அண்ணா, அக்கா ஏறோணும்ங்க, நிறுத்துங்க" என்று முன் இருக்கையிலிருந்து கத்தினேன். டிரைவர் கண்ணாடியில் என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "சேச்சி இனி வரில்ல" என்றார். பஸ்ஸில் இருந்த மற்றவர்களுக்கு அதற்குள் ஃபோனில் செய்தி வந்துவிட்டிருந்தது. நான்தான் பார்க்கவில்லை. விடியற்காலையில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் அதே நிறுத்தத்தில் இறங்கி, "நாளைக்குப் பாக்கலாம் அம்மிணி" என்று சொன்ன மனுஷி. எனக்கு முதலில் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. ஏன் பயம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கஞ்சிக்கோட்டில் எங்கள் கம்பெனி கேன்டீனில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பேசியவர்கள் எல்லாரும் "பயம் என்றால் என்னவென்றே தெரியாத பெண்மணி" என்றார்கள். ஃப்ளெக்ஸிலும் அதையே அச்சடித்து மாலை போட்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவர்களைப் பற்றி என்ன சொன்னாலும் அவர்கள் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்ற தைரியம் நமக்கு. டெஸ்டிங் பிரிவில் இத்தனை வருஷம் அக்காவின் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவள் நான். அவர் பயந்தவர். நன்றாகவே பயந்தவர். நாங்கள் சோதித்து அனுப்பும் ஒவ்வொரு இன்வெர்ட்டரையும் யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தை தொடப்போகிறது என்று நினைத்துத்தான் கையிலெடுப்பார். "ஓகே ஸ்டிக்கர் ஒட்டறதுக்கு முந்தி ஒருக்கா பயந்துக்கோணும் அம்மிணி. பயப்படாம ஒட்டுனா அது வெறும் பசைதான்" என்பார்.

வேலை நேரம் போக அவருக்கு இருந்த ஒரே கிறுக்கு பாட்டுப்பெட்டி. எருத்தேன்பதியில் எங்கள் வீட்டில் நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் இடுப்பு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்களும் உண்டு. தோட்டத்திலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரர் ஃபோனிலிருந்து ப்ளூடூத்தில் பாட்டுப் போட்டுவிட்டுச் சாய்ந்துகொள்வார். விருந்துக்கு வந்திருந்த அக்கா அதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு அவரிடமே, "ஏனுங்க, இத்தன நல்ல ஸ்பீக்கர வெச்சுப்போட்டு இப்பிடியா கேக்கறது? நல்ல கள்ளுல தண்ணி ஊத்துன கதையா இருக்குதுங்களே" என்றார். கள்ளுக்குப் பேர்போன எங்கள் சித்தூர் தாலுகாவில் ஒரு மனிதரை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. அக்கா ஒரு ஸ்ட்ரீமர் பெட்டி செய்து தருவதற்கு என் வீட்டுக்காரர் அன்றே சம்மதித்துவிட்டார்.

ஸ்ட்ரீமர் என்பது இணையத்திலிருந்து பாட்டை இழுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கிற, உள்ளங்கையளவு கருவி. கடையில் கிடைப்பதை வாங்கி, அதோடு வரும் பிளாஸ்டிக் அடாப்டரை அக்கா முதலில் தூக்கிப் போடுவார். "கரண்ட்டோட சேத்து இரைச்சலையும் இதுதான் அனுப்புது" என்பார். டிரான்ஸ்ஃபார்மர் வைத்துத் தானே ஒரு பவர் சப்ளை செய்து, கருவியையும் அதையும் சேர்த்து ஒரு கனமான அலுமினியப் பெட்டிக்குள் அடக்குவார். முன்பக்கம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஓர் அலுமினியக் குமிழ் இருக்கும். அப்படி இரண்டு பெட்டிகளை ஒரே நாளில், ஒரே டிரில்லால் துளை போட்டுச் செய்தார். ஒன்று எங்களுக்கு. அதை மாட்டிப் பாட்டுப் போட்டபோது பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. என் வீட்டுக்காரர் எழுந்துபோய் ஸ்பீக்கருக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

இன்னொன்று மூணாறில் ஜீப் ஓட்டும் முருகேசனுக்கு. சுற்றுலா போனபோது அவர் ஜீப்பில் கேட்ட பாட்டின் சுத்தத்தில் மயங்கி அக்கா சிநேகம் பிடித்துக்கொண்டார். இரண்டு கிறுக்குகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளக் கேட்கவா வேண்டும்? ஆனால் முருகேசன் வீட்டில் பெட்டியை மாட்டியதும் பாட்டுக்கு அடியில் "ம்ம்ம்" என்று ஒரு முனகல் கேட்டது. பிளக்கிலிருந்து எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் முனகல் நிற்கும். பாட்டுப்பெட்டிக் கிறுக்கர்கள் எல்லாருக்கும் தெரிந்த குறுக்குவழி அது. எர்த் என்பது, பெட்டியின் உடம்பில் தவறிக் கரண்ட் பாய்ந்தால் அதை மண்ணுக்கு இழுத்துக்கொண்டு போகிற கம்பி. அது இல்லாவிட்டால் தொடுகிற ஆள்தான் கம்பி. இது எங்களுக்கு முதல் பாடம். தெரிந்தும் அக்கா கழற்றினார். அடுத்த முறை போகும்போது வேறு வழியில் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தாராம். அந்த அடுத்த முறை தள்ளிக்கொண்டே போனது.

அந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பெட்டியை ஆன் செய்ததும் டப்பென்று, கரண்ட் கசிந்தால் தானாக விழும் ஈ.எல்.சி.பி. சுவிட்ச் விழுந்து வீடு முழுக்கக் கரண்ட் போனது. திரும்பத் தூக்கிவிட்டால் திரும்ப விழுந்தது. அக்கா ஸ்கூட்டரில் வந்து பெட்டியைத் திறந்தார். கரண்ட் வயர் உள்ளே நுழையும் துளையில் ரப்பர் வளையம் போட மறந்திருந்தார். ஸ்பீக்கர் அதிர அதிர, துளையின் கூரான விளிம்பில் உரசி வயரின் தோல் உரிந்து, உள்ளிருந்த செம்பு பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. "நல்லவேளை, உங்கூட்டுல எர்த் இருந்துச்சு, ட்ரிப் ஆயிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

"அம்மிணி, மூணாறு. அதுலயும் வளையம் போட்ட ஞாபகமில்ல" என்றார்.

முருகேசன் ஃபோன் கிடைக்கவில்லை. அங்கே வேறு யாருடைய எண்ணும் எங்களிடம் இல்லை. "காரை நீ எடு. என்னால ஆவாது" என்று கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. பொள்ளாச்சி தாண்டி உடுமலை வரும்வரை அக்கா அந்த எண்ணையே அழைத்துக்கொண்டிருந்தார். "நிங்கள் விளிக்குன்ன சப்ஸ்க்ரைபர் பரிதிக்குப் புறத்தாணு" என்று, ஆள் எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொல்லும் ஒரே பெண் குரல், ஒரே நிதானம். அந்தப் பெண்ணை எனக்கு அறையவேண்டும்போல் இருந்தது.

"மலையில நல்ல மழைங்க்கா. கரண்ட் போயிருக்குமுங்க" என்றேன்.

"போயிருக்கோணும் சாமி. நாம போயிச் சேர்ற வரைக்கும் வரக்கூடாது."

கரண்ட் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்ட மனுஷியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வேறொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம்.

சின்னார் செக்போஸ்ட் தாண்டியதும் முன்னால் வண்டிகள் நின்றன. ரோட்டோரத்தில் ஒற்றை யானை. நான் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றினேன். அக்காவோ கதவைத் திறந்து இறங்கப் பார்த்தார். வனக்காவலர் ஒருவர் ஓடிவந்து, "சேச்சி, இறங்கண்டா. அனங்ஙாதெ இரிக்கு" என்று அடிக்குரலில் அதட்டினார். அசையாமல் இரு என்றால் அக்கா எப்படி இருப்பார்? "செல்விப் புள்ள ஞாயித்துக்கெழமதான் ஊடு கழுவும். போன வாட்டி நானே பாத்தேன். தண்ணிய ஊத்தி ஊத்தித் தேய்க்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். செல்வி, முருகேசனின் மனைவி. ஐந்தாறு கஜத்தில் நின்ற யானையை அக்கா ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறையூரில் கடைகளில் விளக்கு எரிந்தது. கரண்ட் இருக்கிறது. அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு ஃபோன் செய்வதையும் நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க்கா, கூப்பிட்டுப் பாருங்க. இப்பக் கெடைக்குமாட்டிருக்குது."

"எடுத்து அழுதாங்கன்னா?" என்றார்.

மறையூர் தாண்டி மலை ஏறினோம். தேயிலைச் சரிவுகளில் மேகம் இறங்கியிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் எனக்கு, ஒரு வீட்டு வாசலில் கூட்டம் நிற்பதுபோலவே தோன்றியது.

செல்வி டீ ஃபேக்டரியில் வேலை செய்வதால் அவர்களுக்கு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்று. வரிசையில் கடைசி. ஜீப் மட்டுமே ஏறும் பாதை. காரைக் கீழே விட்டுவிட்டு நடந்தோம். பாதி ஏற்றத்தில் பாட்டு கேட்டது. அக்காவின் பெட்டிதான், அவ்வளவு சுத்தம். பாட்டுப் போடுகிறார்கள் என்றால் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று எனக்கு உயிர் வந்தது. அக்காவுக்கோ உயிர் போனது. பெட்டி ஆனில் இருக்கிறது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

செல்வி வாசலில் வெறுங்காலோடு, வாளியும் துடைப்பமுமாக நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "பொட்டியத் தொட்டுறாதீங்க!" என்று அக்கா கத்தினார். பாட்டுச் சத்தத்தில் அது செல்விக்குக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் சொல்வது கேட்கவில்லை என்றால் யாரும் என்ன செய்வார்களோ அதைத்தான் அவரும் செய்தார். "இருங்கக்கா, சத்தத்தக் கொறச்சிட்டு வாரேன்" என்று கையைக் காட்டிவிட்டு, ஈரக் கையோடு உள்ளே திரும்பினார். அக்கா இன்னும் உரக்கக் கத்தினார். அந்தக் கத்தல் செல்வியை இன்னும் வேகமாகப் பெட்டியிடம் அனுப்பியது.

லயத்து வீடுகளில் மெயின் சுவிட்ச் வெளிச்சுவரில்தான் இருக்கும். அக்கா வாசலை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து ஓடினார். இரண்டு கையாலும் கைப்பிடியைக் கீழே இழுத்தார். பாட்டு அறுந்தது. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். குமிழுக்கு ஒரு சாண் இப்பால் செல்வியின் விரல்கள் நின்றிருந்தன.

"கரண்ட் போயிருச்சேக்கா" என்றார்.

அக்கா அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பல் கிட்டியது. அவருக்குக் குளிர் என்று நினைத்து செல்வி கம்பளி கொண்டுவந்து போர்த்தினார். நானாக இருந்தால் பிளக்கில் ஏதோ கோளாறு என்று மழுப்பியிருப்பேன். முருகேசன் சவாரி முடித்து வந்ததும், அக்கா எழுந்து நின்று இருவரிடமும் சொன்னார். "தப்பு என்னுதுங்க. வளையம் போட மறந்தது நானு. எர்த் பின்னக் கழட்டிப்போட்டதும் நானுதான். உங்களுக்குச் சொல்லாமக் கழட்டிப்போட்டேன்."

பிறகு எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கரண்ட்டைப் போட்டு டெஸ்டரைப் பெட்டியில் வைத்தார். விளக்கு எரிந்தது. செல்வி தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "லேசா சுள்ளுங்கும்க்கா. மழ ஈரம்னு நெனச்சோம். அதான் எப்பவும் செருப்பப் போட்டுக்கிட்டுத் தொடுவோம். இன்னைக்கு வீடு கழுவுறமேன்னு..." என்று தன் வெறுங்காலைக் குனிந்து பார்த்தார்.

முருகேசன் நல்ல மனிதர். அன்று அவர் பேசியதை நான் குறையாகச் சொல்லவில்லை. "ரெண்டு புள்ளைக இருக்குற வீடுக்கா இது. அந்தச் சத்தத்த எடுங்கன்னு நாங்க கேட்டமா? லேசா முனகுனா முனகிட்டுப் போகுது. அது இருக்கக்கூடாதுன்னு நீங்கதான ஆசப்பட்டீங்க?"

"ஆமாங்க" என்றார் அக்கா.

வயரை மாற்றி, வளையம் போட்டு, பிளக்கில் எர்த் பின்னைத் திரும்ப மாட்டி, அந்த வீட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பல்பு வைத்தும் பார்த்தார். பாட்டுப் போட்டபோது அடியில் முனகல் திரும்ப வந்துவிட்டது. கிளம்பும்போது, "அது முனகற வரைக்கும் எனக்குத் தூக்கம் வருமுங்க" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஐப்பசி மழைக்கு முன்னால் நாங்கள் மூணாறு போனோம். அக்கா பெட்டியைத் திறந்து வயரை விரலால் தடவித் தடவிப் பார்ப்பார். நான் டார்ச் பிடிப்பேன். முதல் வருஷம் முருகேசன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வருஷம் கார் நிறுத்த இடம் காட்ட அவரே கீழே வந்து நின்றார்.

பயம் தெரியாதவராக இருந்திருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுப் பெட்டிக்கு ஒரு வளையத்தைப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போயிருப்பார். திங்கட்கிழமை ஃபோன் கிடைக்கும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார். செல்வி இன்று உயிரோடு இருந்திருக்க மாட்டார். ஃப்ளெக்ஸ் அடித்தவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான்.

கூட்டம் முடிந்து வந்ததும் செல்வியைக் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னேன். நெடுநேரம் அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். "பொட்டி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. மழ வரப்போவுது. இனிமே யாருக்கா வந்து தெறந்து பாப்பாங்க?"

"நான் வர்றேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அந்தப் பெட்டிக்குள் நான் ஒரு முறையும் கை வைத்ததில்லை. இந்தத் தடவை நான் திறக்க வேண்டும், நான் தடவிப் பார்க்க வேண்டும். "சரியா இருக்குது, தொடலாம்" என்று நான் சொல்ல வேண்டும். செல்வி அதை நம்பிக் கையை நீட்டுவார். ஃபோனை வைத்துவிட்டுப் பார்த்தேன். என் விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. வசந்தாமணி அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்.