கிளாக்கருக்குச் சொல்ல முடியாத பெயர்

யுத்த காலத்தில், துறைமுகத்தில் குண்டு விழுந்த அந்தச் சித்திரையில்தான் என் வீட்டுக்காரரை இழந்தேன், சகோதரங்களே. சீனன்குடாவில் எண்ணெய் சேமித்து வைக்கிற குதத்தில் கூலி வேலை செய்தவர். எங்கள் அரிசிக் கூப்பன் புத்தகமும் அவர் சட்டைப் பைக்குள் இருந்து அவரோடேயே போய்விட்டது. நாலு வயது மகளையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு, சனத்தோடு சனமாகக் கப்பல்துறை என்கிற ஊருக்கு ஓடினேன்.

நாங்கள் இராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்கள். கூட வேலை செய்தவர்கள் மூலைக்கொருவராகச் சிதறிவிட்டார்கள். பட்டினியில் எனக்குப் பாலும் வற்றிவிட்டது. குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. பயந்துபோனேன்.

கூப்பன் பதிகிற கிளாக்கர் ஊர்த் தலைமைக்காரரான விதானையாரின் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். பட்டியல் முழுக்க ஆண்களின் பெயரில். புருஷன் பெயரைச் சொன்னால்தான் தேடலாம் என்றார். உலை வைக்கிறவள் நான், புத்தகம் மட்டும் ஏன் அவர் பெயரில் என்று அன்றைக்கே யோசித்தேன். இன்றும் யோசிக்கிறேன்.

எங்கள் ஊரில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். சொன்னால் அவர் ஆயுசு குறையுமாம். செத்தவருக்கு இனி எந்த ஆயுசு குறையும்? அது எனக்கும் விளங்கியது. நாக்குத்தான் எழும்பவில்லை. மகளைக் கேட்டால் “அப்பா” என்றாள். எழுதிக் காட்ட எனக்கு எழுத்தும் தெரியாது. இரண்டு தரம் வெறுங்கையோடு திரும்பினேன். மூன்றாந்தரம் கிளாக்கர் சொன்னார்:

“பேர் இல்லாமல் தர ஏலாது அம்மா. சட்டம் அப்பிடி.”

எனக்கு உலகமே இருண்டுவிட்டது. முற்றத்து ஓரமாகப் போய் முழங்காலில் நின்று, அன்றாடம் சொல்கிற செபத்தையே அழுதழுது சொன்னேன். “ஆண்டவரே, சூசை மகன் சவரிமுத்துவின் ஆத்துமாவுக்கு இளைப்பாற்றி கொடும். அவர் பிள்ளைகளுக்குச் சோறு கொடும்.”

பின்னால் தாள் புரளும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கிளாக்கர் பட்டியலில் விரலை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சூசை மகன் சவரிமுத்து. இவர்தானே?”

தலையை ஆட்டினேன்.

“கடவுளிட்டச் சொல்லுற பேரை எனக்குச் சொல்ல ஏலாதோ?”

“அவருக்கு முன்னாடியே தெரியுமே, ஐயா.”

அவர் சிரிக்கவில்லை. என் பெயரைக் கேட்டுப் புதுப் புத்தகத்தில் எழுதினார். அன்று மத்தியானம் கஞ்சி குடித்தோம். நாலாம் நாள் குழந்தை பழையபடி வீரிட்டு அழுதது. அந்தச் சத்தத்துக்கு எத்தனை தோத்திரம் சொன்னாலும் போதாது.

என்னைப் போலப் பிழைக்க வந்து பெயர் சொல்ல முடியாமல் நின்ற பெண்கள் எத்தனை பேர்! அதற்குப் பிறகு, அயலவர் யாராவது பெயரைச் சொன்னாலே போதும் என்று விதானையார் ஏற்றுக்கொண்டார். வாயே திறக்காத நான் அவர்களுக்காகப் போய் வரிசையில் நின்றேன். அவர்கள் செபிக்கையில் என் காதில் விழுந்த புருஷன்மார் பெயர்களை உரத்துச் சொன்னேன்.

ஆண்டவர் வானத்திலிருந்து மன்னா என்ற உணவை இறக்குவார் என்றுதான் பார்த்திருந்தேன். அவரோ ஒரு கிளாக்கரின் காதைத் திறந்தார். ஆகையால் சகோதரங்களே, அவரை நம்புங்கள். உங்கள் குறையை அடுத்தவருக்கும் கேட்கும்படி செபியுங்கள். அடுத்தவள் அழுது செபிக்கும்போது நீங்களும் காதுகொடுங்கள்.